சண்டை போடாத தம்பதி

கிறிஸ்தவக் குடும்பங்களில் கல்யாணம் என்றால், கோயிலில் ஓலை வாசிப்பதற்கு, அதாவது பூசையில் கல்யாண அறிவிப்பைப் படிப்பதற்கு முன்னால், பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருநாள் வகுப்புக்குப் போயாக வேண்டும். வகுப்பு முடித்த சான்றிதழைக் கொண்டு வராதவர்களுக்குச் சாமியார் ஓலை வாசிக்க மாட்டார். அரியலூரில் நடக்கும் அந்த வகுப்பில் காலையில் ஒரு டாக்டர் பேசுவார், அடுத்து ஒரு வக்கீல் பேசுவார். அவர்கள் முடித்து எல்லோருக்கும் கொட்டாவி வரத் தொடங்கும்போது, சாப்பாட்டுக்கு முன்னால், நானும் என் கணவரும் பேசுவோம். எங்களை ‘முன்மாதிரித் தம்பதி’ என்று சாமியார் அறிமுகப்படுத்துவார். எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை என்பதுதான் அதற்கான தகுதி.

அது பொய் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் குரலை உயர்த்தியதில்லை. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் புருஷன் பெண்டாட்டி சண்டை பஞ்சாயத்துக்கு வந்தால், “அந்த ரெண்டு பேரையும் பாத்துக் கத்துக்குங்க” என்று எங்களைத்தான் காட்டுவார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. இல்லையென்று சொன்னால் எனக்கே சிரிப்பு வரும்.

நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். அவர் ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் இன்ஜினியர். முதலில் பெரம்பலூரில் ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஷிப்ட் மாறி மாறி வந்தது, பஸ்ஸில் போய் வருவது கஷ்டம் என்று அவர் ஆலைக் குவார்ட்டர்ஸுக்குப் போனார். “அங்கயே தங்கிக்கட்டுமா?” என்று கேட்டார். “உங்க இஷ்டம்ங்க” என்றேன். ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்தவர், பிறகு முடிந்த ஞாயிறுகளில் வந்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தக்க காரணம் இருந்தது. காரணம் இருக்கும்போது எதற்குச் சண்டை என்று நானும் இருந்துவிட்டேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒன்று பிறந்தது, உயிரில்லாமல். நாள் நெருங்கிய சமயத்தில் வயிற்றுக்குள் அசைவு நின்றுபோய், திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். பெண் என்று நர்ஸ் சொன்னது மட்டும் மயக்கத்தில் காதில் விழுந்தது. எனக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. அவர்தான் குழந்தையைத் துணியில் சுற்றி வாடகைக் காரில் எடுத்துக்கொண்டு ஏலாக்குறிச்சிப் பக்கம் தன் ஊருக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து, கை கழுவிவிட்டு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சாத்துக்குடி உரித்துக் கொடுத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

“அவகிட்ட அதப் பத்திப் பேச்செடுக்காத, தாங்கமாட்டா” என்று அவருடைய வீட்டில் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். “அவர நோண்டி நோண்டிக் கேக்காத, ஆம்பளைங்க உடஞ்சா ஒட்ட வைக்க முடியாது” என்று என் வீட்டில் என்னிடம் சொன்னார்கள். இரண்டு பேருமே நல்ல பிள்ளைகள், பெரியவர்கள் சொன்னதைத் தட்டவில்லை. எங்கள் வீட்டு மரியாதை அப்போது தொடங்கியது.

ஒருமுறை சாமியார் என்னிடம், “வர்றதெல்லாம் இன்ஜினியரிங் படிச்ச புள்ளைங்க. நீங்க சும்மா பேசுனா தூங்குதுங்க. கணக்கு டீச்சர்தானே, கணக்குலயே ஏதாவது சொல்லுங்களேன்” என்றார். எனக்கு அது பிடித்துப்போனது. கணவன் மனைவி பேச்சைக் கணக்காக்கிப் பார்க்கிற வேலையை வெளிநாடுகளில் செய்கிறார்கள் என்று எப்போதோ படித்திருந்தேன். அந்த யோசனையை எடுத்து, என் கைக்கு எட்டிய அளவில் ஒரு மாதிரியை நானே செய்தேன்.

பெரிய வித்தை எதுவும் இல்லை. இருவரும் பேசிக்கொள்வதைக் கொஞ்ச நேரம் போனில் பதிவு செய்ய வேண்டும். அன்பாகச் சொன்னதற்குக் கூட்டல், சுள்ளென்று சொன்னதற்குக் கழித்தல், இரண்டும் இல்லாததற்குப் பூஜ்யம். ஒருவர் அடுத்து எப்படிப் பேசுவார் என்பதில் இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று அவருடைய சொந்த சுபாவம். மற்றது, எதிரில் இருப்பவர் சற்று முன் சொன்னது அவரை எவ்வளவு அசைத்தது என்பது. அந்த அசைவுக்கு ஒரு எண் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டால், இந்த ஜோடி போகப்போக எங்கே போய் நிற்கும் என்று இரண்டு கோடுகளாக வரைந்து காட்டும்.

கெட்ட உதாரணத்துக்கு என் அக்கா வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். அக்காவும் மாமாவும் வரதராஜன்பேட்டையில் முந்திரித் தோப்பு வைத்திருக்கிறார்கள். அவர்கள் சத்தம் மூன்றாவது தெருவுக்குக் கேட்கும். போனை ஆன் செய்து ஜன்னலில் வைத்தேன். அவர்கள் அதை மறந்தே போனார்கள்.

“கேட்டத் தொறந்து போட்டுட்டு வந்துட்டீங்களா? ஆடு உள்ள பூந்து கன்னு பூராத்தையும் மேஞ்சிட்டுப் போவுது” என்றாள் அக்கா.

“நான் தாப்பா போட்டுட்டுத்தான் வந்தேன். ஆடு தொறக்கப் படிச்சிருக்கும்.”

“ஆமா, உங்கள விட அதுக்குப் படிப்பு ஏறும்.”

மாமா சிரித்துவிட்டார். அக்காவுக்கு அந்தச் சிரிப்பில் இன்னும் கோபம் வந்தது. அப்புறம் அவர் ஆடு மேய்ந்த முந்திரிக் கன்றுகளைப் பற்றி வருத்தமாக ஏதோ சொன்னார். அக்கா குரல் இறங்கி, “சரி விடுங்க, வாங்க, கொழம்பு ஆறுது” என்றாள். முப்பது வருஷமாக இதே கதைதான்.

நல்ல உதாரணத்துக்கு நாங்கள். அவர் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனை டீப்பாயில் வைத்தேன். அதை இப்போதும் வைத்திருக்கிறேன்.

“டீ போடட்டுங்களா?”

“போடு.”

“சக்கரை கம்மியா?”

“உன் இஷ்டம்.”

“நாளைக்கு எந்த பஸ்ஸுக்குக் கெளம்பணும்?”

“ஆறு மணி பஸ். ஓமன்ல ஒரு சிமெண்ட் கம்பெனில இருந்து மெயில் வந்திருக்கு. போலாமான்னு பாக்குறேன்.”

“உங்க இஷ்டம்ங்க. உங்களுக்கு எது நல்லதுன்னு படுதோ.”

“சரி.”

“பிஸ்கட் எடுத்துக்குங்க.”

இதை உட்கார்ந்து கேட்டு ஒவ்வொன்றுக்கும் எண் போட்டேன். ‘உங்க இஷ்டம்ங்க’ என்பதற்குக் கூட்டல் போட்டேன், மரியாதையான வார்த்தை என்பதால். பிஸ்கட்டுக்கும் கூட்டல். ஓட்டிப் பார்த்தேன். அக்கா வீட்டுக் கோடுகள் இரண்டும் விழுந்து எழுந்து, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடின. எங்கள் கோடுகள் இரண்டும் மேலாக, சமமாக, பக்கத்தில் பக்கத்தில், வளையாமல் போயின. பார்க்க அழகாக இருந்தது. வகுப்புக்கு ஏற்ற படம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகுதான் அந்த அசைவு எண்ணைப் பார்த்தேன். அக்காவுக்கும் மாமாவுக்கும் பெரிய எண் வந்திருந்தது. எங்களுக்கு, இரண்டு பக்கமும், பூஜ்யத்தை ஒட்டி நின்றது. புரோகிராமில் ஏதோ தப்பு என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு சோதனை செய்தேன். நான் பேசியவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, அவர் பேசியவற்றின் வரிசையை மட்டும் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துப் போட்டேன். அக்கா வீட்டில் இப்படிக் கலைத்தபோது படம் குலைந்து ஒன்றுமில்லாமல் போனது. எங்கள் வீட்டில் எத்தனை முறை கலைத்தாலும் அதே படம் வந்தது.

கணக்கு தெரிந்த யாருக்கும் இதன் அர்த்தம் தெரியும். அவர் எதைச் சொல்லியிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன். நான் எதைச் சொல்லியிருந்தாலும் அவரும் அப்படித்தான். அது ஒரு ஜோடியின் படமே இல்லை. தனித்தனியாக இரண்டு பேர், அவரவர் சுபாவத்தில் அமைதியாக இருக்கும் படம். வகுப்பில் பிள்ளைகளுக்கு நிலைத்தன்மை என்றால் என்ன என்று வருஷா வருஷம் நடத்துகிறேன். கரையில் கட்டிப்போட்ட படகும் நிலையாகத்தான் இருக்கும், ஊருக்குப் போய்ச் சேராது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அழுகை வரவில்லை. கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

அவரிடம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். இரண்டு ஞாயிறுகள் அவர் வரவில்லை. போனில் சொல்கிற விஷயமாகப் படவில்லை. அதற்குள் வகுப்பு நாள் வந்துவிட்டது.

நான் பெரம்பலூரிலிருந்து போனேன், அவர் ஆலையிலிருந்து நேராக வந்தார். வேறு படம் செய்ய நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்த இரண்டு படங்களையும் திரையில் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் சாமியார் முந்திக்கொண்டார். “இதுல எது நல்ல குடும்பம்? சொல்லுங்க பாப்போம்!” எல்லாப் பிள்ளைகளும் எங்கள் கோடுகளைக் காட்டினார்கள். “அது வேற யாருமில்ல, இவங்கதான்!” என்றார் சாமியார். கைதட்டினார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, “கடைசியா எதுக்குங்க சண்டை போட்டீங்க?” என்று கேட்டாள். என் கணவர் மைக்கை வாங்கி, “எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்லம்மா” என்றார், எப்போதும் சொல்வதைப் போல. மறுபடியும் கைதட்டல். நான் பேச்சை முடிக்காமலே உட்கார்ந்துவிட்டேன். ஊருக்கு உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தோம்.

சாப்பாடு முடிந்து அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். எனக்குப் பெரம்பலூர் பஸ், அவருக்கு வேறு பஸ். டீக்கடையில் நின்றபடி அவரிடம் சொன்னேன். கலைத்துப் போட்டதையும், படம் மாறாமல் வந்ததையும் சொன்னேன். அவருக்கும் இந்தக் கணக்கெல்லாம் புரியும்.

“அப்ப என்ன செய்யலாங்கிற?”

“சண்டை போட்டுப் பாக்கலாமா?”

சிரித்தார். “எதுக்குப் போடுறது? ஒன் சாம்பார்ல உப்பு கம்மின்னு ஆரம்பிக்கட்டா?”

“கம்மியாங்க?”

“ஆமா. கல்யாணமானதுலேருந்து.”

இருவரும் சிரித்தோம். அது சண்டையாகவில்லை. எத்தனை வருஷமாக உப்பில்லாமல் சாப்பிட்டிருக்கிறார் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். அப்போது அவர் சாதாரணமாகச் சொன்னார்.

“ஓமனுக்கு டிக்கெட் வந்திருச்சு. அடுத்த மாசம் கெளம்பணும்.”

“சரிங்க” என்றேன். இவ்வளவையும் கண்டுபிடித்த பிறகும் வாய் பழக்கத்தை விடவில்லை.

அவர் டீ கிளாஸைப் பலகையில் வைத்த சத்தத்தில் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“என்ன சரி? புருஷன் நாட்ட விட்டுப் போறேங்கிறான், சரிங்கிற! போகாதீங்கன்னு சொல்ல ஒனக்கு வாய் வராதா?”

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் பதில் வந்தது, எங்கிருந்தோ.

“நீங்க போகட்டுமான்னு கேட்டீங்களா? போலாமான்னு பாக்குறேன்னுதானே சொன்னீங்க!”

“சொல்லிட்டு ஒன் மொகத்தப் பாத்தேன். நீ பிஸ்கட் தட்ட நீட்டுற!”

“அழுதிருக்கணுமா? எங்க உக்காந்து அழுவுறது நான்? புள்ளயத் தூக்கிட்டுப் போனீங்க. கைய வீசிக்கிட்டு வந்து சாத்துக்குடி உரிச்சீங்க. எங்க வச்சேன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?”

“நீ கேக்கலியே!”

“நீங்க சொல்லலியே!”

பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் எங்களைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு நின்றார்கள். காலையில் வகுப்பில் பார்த்த ஒரு ஜோடியும் அங்கே நின்றிருந்தது. கண்டக்டர் பெரம்பலூர், பெரம்பலூர் என்று கத்திக்கொண்டிருந்தார். என் கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மதில் ஓரமா வச்சேன்” என்றார். “ஞானஸ்நானம் வாங்காத புள்ளைங்கள அங்கதான் வைப்பாங்க. சிலுவை கெடையாது, கல்லு கெடையாது. நான்தான் குழி தோண்டுனேன், வேற யாரையும் தொட விடல.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “ஒன் மூக்குதான். அப்படியே ஒன் மூக்கு” என்றார்.

பெண் என்று எனக்குத் தெரியும். மூக்கு எனக்குத் தெரியாது. அந்த இடத்திலேயே அழுதேன், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஊர் பார்க்க.

அழுது முடித்து, “போகாதீங்க” என்றேன்.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். “வேலைய விடுறதா எழுதிக் குடுத்துட்டேன். என் எடத்துக்கு ஆள் வந்தாச்சு. குவார்ட்டர்ஸையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க” என்றார். “போகாதீங்கன்னு அன்னைக்கு டீ குடிக்கிறப்ப சொல்லியிருக்கக் கூடாதா?”

இரண்டு பஸ்களும் எங்களை விட்டுவிட்டுப் போயின. அடுத்த பெரம்பலூர் பஸ்ஸில் அவரும் என்னோடு ஏறினார்.

புறப்படுவதற்கு முன் என்னைத் தன் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் அங்கே போவோம். அவருடைய அப்பா அம்மா கல்லறைகளைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். எப்போதும் ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக வாங்குவார். “கூட்டாளி ஒருத்தன் கல்லறை அந்தப் பக்கம்” என்று சொல்லிக்கொண்டு மதில் பக்கம் போய்விட்டுக் கண் சிவந்து வருவார். புகை என்று நினைத்துக்கொள்வேன். அந்த இடத்தை இப்போது காட்டினார். மதிலை ஒட்டி, தண்ணீர்க் குழாய்க்கும் ஒரு வேப்பங்கன்றுக்கும் நடுவில் வெறும் தரை. அவர் காட்டியிருக்காவிட்டால் மிதித்துக்கொண்டு போயிருப்பேன். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றோம். அடுத்த வாரம் திருச்சி ஏர்போர்ட்டில் அவரை அனுப்பிவிட்டு வந்தேன்.

அவர் இப்போது ஓமனில் இருக்கிறார். தினமும் போன் வருகிறது, பாதி நாள் சண்டையில் முடிகிறது. நான் மருந்து சாப்பிடவில்லை என்று திட்டுகிறார். அவர் ரூம்காரர்களுக்கெல்லாம் சமைத்துப் போடுகிறார் என்று நான் திட்டுகிறேன். அக்கா ஒருநாள் பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, “ஒங்களுக்கும் தாப்பா தொறந்துக்கிச்சாடி?” என்றாள். எனக்குச் சந்தோஷமும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. ஒரே வீட்டில் இருந்தபோது பேசியிருக்க வேண்டியதையெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று பேசிக்கொண்டிருக்கிறோம். சாமியார் வகுப்புக்குக் கூப்பிட்டார். ஒரு ஆள் ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்குத் தனியாகப் போனேன். மாமனார், மாமியார் கல்லறைகளை முடித்துவிட்டு, கூடுதல் மெழுகுவர்த்தியோடு மதில் பக்கம் போனால், எனக்கு இடம் தெரியவில்லை. திருநாளுக்காக முள்ளையெல்லாம் ஜேசிபி வைத்து வழித்துத் தரையைச் சமமாக்கியிருந்தார்கள். குழாயைப் பிடுங்கி வேறு பக்கம் போட்டிருந்தார்கள். வேப்பங்கன்றும் இல்லை. வீடியோ காலில் அவரைக் கூப்பிட்டேன்.

“வலது பக்கம் போ” என்றார். “இன்னும். ஐயோ, அவ்வளவு தூரம் இல்ல. நான் சொல்றத என்னைக்குக் கேட்டிருக்க நீ?”

“எதைப் பாத்துப் போறதுங்க? கொழாயே இல்ல!”

“கொழாய் இல்லையா? மதில நல்லாக் காட்டு.”

போனைத் தூக்கி மதிலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை காட்டினேன். வெள்ளை அடித்த மதில், வழித்துவிட்ட மண். வேறெதுவும் இல்லை. போனுக்குள் அவர் முகம் கோணியது.

“தெரியல” என்றார். “எனக்கே தெரியலம்மா.”

அவர் ஒருவருக்குத்தான் அந்த இடம் தெரியும். இப்போது அவருக்கும் தெரியாது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அப்ப நீங்களே லீவு போட்டுட்டு வந்து தேடிக் கண்டுபுடிங்க. அதுவரைக்கும் நான் ஏத்த மாட்டேன்” என்று கத்தினேன்.

“உன் இஷ்...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். “இல்ல. ஏத்து. இப்பவே ஏத்து. எங்கயாவது ஏத்து. அது இருட்டுல கெடக்க வேணாம்.”

கேட்டுக்கு வெளியே மெழுகுவர்த்தி விற்ற அம்மாவிடம் மிச்சமிருந்ததை மொத்தமாக வாங்கிக்கொண்டு வந்தேன். போனை இடது கையில் பிடித்துக்கொண்டு, மதிலின் ஒரு முனையில் ஆரம்பித்து, குனிந்து குனிந்து மண்ணில் நட்டு ஏற்றிக்கொண்டே போனேன். காற்றில் அணைந்ததைத் திரும்ப ஏற்றச் சொன்னார். மதில் நெடுக எரிந்தது. ஏதோ ஒன்று அவள் தலைமாட்டில் இருக்கும்.

“அந்த மூலைய விட்டுட்ட பாரு” என்றார். “என்ன அவசரம் ஒனக்கு?”

“முதுகு வலிக்குதுங்க எனக்கு” என்றேன். திரும்பி நடந்துபோய் அந்த மூலையிலும் ஒன்று வைத்து ஏற்றிவிட்டு, “இப்ப சரியா?” என்று கேட்டேன்.

“இன்னும் கொஞ்சம் மதில ஒட்டி வை” என்றார்.